சொயின்டுலா: பின்லாந்து மீனவங்களோட தீவு ஊர், அதோட பாரம்பரியத்தை காப்பாத்துறது பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கனடாவோட மேற்கு கரை பக்கம் இருக்கேன். சொயின்டுலாவுக்கு சில தடவை போய் வந்திருக்கேன், போய் வந்த பிறகு யார்கிட்ட பேசினாலும் அந்த ஊர் பத்தி ஏதாவது சொல்லிடுவேன், அவங்களும் திரும்ப திரும்ப அதே கேள்விகள தான் கேக்குறாங்க. அதனால எல்லாத்துக்கும் ஒரே இடத்துல பதில் எழுதி வச்சுடலாம்னு உக்காந்தேன். எனக்கு தெளிவா தெரிஞ்சத மட்டும் தான் எழுதுறேன்.

சொயின்டுலா எங்க இருக்கு?

பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துல வான்கூவர் தீவுன்னு ஒரு பெரிய தீவு இருக்குல்ல, அதோட வடகிழக்கு கரைக்கு எதிர்ல மால்கம் தீவுன்னு ஒரு சின்ன தீவு, நீளம் 24 கிலோமீட்டர் வரும், அகலம் ரொம்ப குறைச்சல். அதுல இருக்கிற ஊர் தான் சொயின்டுலா. போர்ட் மெக்நீல்ங்கிற ஊர்ல இருந்து ஃபெர்ரி ஏறினா கிட்டத்தட்ட 25 நிமிஷம். தீவு முழுக்க சேத்தாலும் ஆயிரம் பேர் தேற மாட்டாங்க.

பின்லாந்துக்காரங்க அவ்வளவு தூரம் எதுக்கு வந்தாங்க?

மீன் பிடிக்க வரல. முதல்ல வந்தது நிலக்கரி சுரங்கத்துக்கு. 1890கள்ல வான்கூவர் தீவுலயே இருக்கிற நனைமோ பக்கம் டன்ஸ்மியூர் குடும்பத்தோட சுரங்கங்கள்ல நிறைய பின்லாந்து ஆளுங்க வேலை பாத்தாங்க, உயிருக்கு உத்தரவாதம் இல்லாத வேலை, கூலியும் கம்மி, சங்கம்னு வாய தொறந்தா வேலை போயிடும். இப்படியே செத்துப்போறதுக்கு நாமளே ஒரு ஊர் கட்டி நமக்கு நாமே உழைச்சா என்னன்னு யோசிச்சு மாட்டி குரிக்காங்கிற பத்திரிகையாளருக்கு கடிதம் போட்டு வரவழைச்சாங்க. அவர் ஹெல்சின்கியில தொழிலாளர் பத்திரிகை நடத்தினவர், நாடகம் எழுதுவார், பேச ஆரம்பிச்சா கூட்டம் கட்டுண்டு கிடக்குமாம், அப்போ ஆஸ்திரேலியாவுல குயின்ஸ்லாந்துல இதே மாதிரி ஒரு ஊர் கட்டப் பாத்து அது சரியா வராம இருந்தார். 1900ல இங்க வந்து சேந்தார். கலேவன் கன்சான்னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சாங்க, கலேவாவோட மக்கள்னு அர்த்தம், கலேவாங்கிறது அவங்க நாட்டு பழங்கதைப் பாட்டுல வர்ற முன்னோர் பேரு. 1901ல ஐக்கான்னு ஒரு பத்திரிகையும் தொடங்கினாங்க, கனடாவுல வந்த முதல் ஃபின்னிஷ் பத்திரிகை அது தான். அதே வருஷம் நவம்பர்ல அரசாங்கத்தோட ஒப்பந்தம் போட்டு மால்கம் தீவ வாங்கிக்கிட்டாங்க. சும்மா கொடுக்கல, இத்தனை வருஷத்துக்குள்ள நிலத்த திருத்தணும், இவ்வளவு ஆளுங்கள குடியேத்தணும்னு நிபந்தனை உண்டு.

பேருக்கு என்ன அர்த்தம்?

ஒத்திசைவு இருக்கிற இடம். பாட்டுல சுருதி சேந்து நிக்கும்ல, அந்த மாதிரி.

அப்போ அந்த கனவு ஊர் ஏன் நிக்கல?

இதுக்கு ஒரே காரணம்னு சொல்ற யாரையும் நம்பாதீங்க. பணம் இல்ல, கடன் ஏறிக்கிட்டே போச்சு, வந்தவங்கள்ல தையல்காரரும் எழுத்தாளரும் இருந்த அளவுக்கு மரம் வெட்டத் தெரிஞ்சவங்க இல்ல. 1903 ஜனவரி 29 ராத்திரி, எல்லாரும் சேந்து குடியிருந்த பெரிய மரக் கட்டடத்துல தீப்பிடிச்சுது. மேல் மாடியில கூட்டம் நடந்துக்கிட்டு இருந்த நேரம். 11 பேர் செத்துப்போனாங்க, அதுல பெரும்பாலும் குழந்தைங்க. ஊரே இருநூத்து சொச்சம் பேர் தான்னு நினைச்சுப் பாருங்க, எந்த வீட்டுலயும் அழாதவங்க இருந்திருக்க மாட்டாங்க.

அதுக்கப்புறம் 1904ல, தீவுல இல்ல, பெருநிலத்துல இருக்கிற வடக்கு வான்கூவர்ங்கிற ஊர்ல கபிலானோ, சீமோர்னு ரெண்டு ஆத்து மேல பாலம் கட்டுற காண்ட்ராக்ட்ட கட்டுபடியாகாத ரேட்டுக்கு எடுத்து, ஆம்பளைங்க எல்லாம் மாசக்கணக்கா அங்க போய் உழைச்சு கையில ஒண்ணும் நிக்காம திரும்பி வந்தாங்க. கல்யாணம், ஆண் பெண் உறவு பத்தி குரிக்கா எழுதினது வேற ஊர ரெண்டாக்கிச்சு. அந்த வருஷ அக்டோபர்ல அவர் கிளம்பினப்போ கிட்டத்தட்ட பாதி ஊர் அவர் கூட போயிடுச்சு. 1905ல கம்பெனிய கலைச்சுட்டாங்க, நிலம் திரும்ப அரசாங்கத்து கைக்கு போச்சு.

அதோட கதை முடிஞ்சுதா?

இல்ல, பெரும்பாலான கட்டுரைங்க இங்க தான் முடிச்சுடுது, எனக்கு அதுல தான் பெரிய வருத்தம். கனவு நாலு வருஷம் தான் ஓடுச்சு. ஊர் 120 வருஷமா ஓடிக்கிட்டு இருக்கு. போக இடம் இல்லாதவங்களும் போக மனசு இல்லாதவங்களும் தங்கி, அதே நிலத்த அரசாங்கத்துகிட்ட காசு கொடுத்து வாங்கி, கோடையில மீன், மத்த நேரம் மரம் வெட்டுன்னு பொழப்ப ஆரம்பிச்சாங்க. குரிக்காவோட நண்பர், கொள்கையில அவரோட மோதினவர், ஆஸ்டின் மாக்கெலா, அவரும் போகல, தீவோட மேற்கு முனையில இருக்கிற புல்ட்னி பாயிண்ட் கலங்கரை விளக்க பாத்துக்கிட்டு அங்கயே வாழ்ந்தார்.

பாரம்பரியம்னா எதை காப்பாத்தணும்னு என்கிட்ட கேட்டா, தோத்துப்போன கனவ விட அதுக்கப்புறம் வந்த இந்த மீன்பிடி வாழ்க்கைய தான் முதல்ல காப்பாத்தணும்னு சொல்லுவேன். கனவ பத்தி நிறைய எழுத்து இருக்கு, பத்திரிகையே நடத்தினவங்க அவங்க. மீன்பிடி வேலை கையில இருந்தது, எழுத்துல இல்ல, கை போனா அதுவும் போயிடும்.

அந்த காலத்துல மீன்பிடி எப்படி இருந்துச்சு?

எல்லாம் சால்மன் தான், முக்கியமா சாக்கை சால்மன். கோடை வந்தா ஊர் ஆம்பளைங்க வடக்க ரிவர்ஸ் இன்லெட் மாதிரி இடங்களுக்கு வாரக்கணக்குல போயிடுவாங்க. அங்க கரை நெடுக கேனரிங்க, அதாவது மீன டின்ல அடைக்கிற ஆலைங்க. போட்டும் வலையும் பெரும்பாலும் கேனரியோடது, பாயும் துடுப்பும் தான், இன்ஜின் கிடையாது. ஒரு நீராவி இழுவைக் கப்பல் பின்னாடி வரிசையா போட்டுங்கள கட்டி இழுத்துக்கிட்டுப் போய் விடுவாங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் 6 மணிக்கு தான் வலை இறக்கலாம், அதுக்கு முன்னாடி எல்லா போட்டும் கடல்ல இடம் பிடிச்சு நின்னுக்கிட்டு இருக்கும்.

செவுள் வலை தான். தண்ணியில சுவர் மாதிரி நிக்கும், மேல மிதவை, கீழ ஈயம் கோத்த கயிறு, மீன் தலைய நுழைச்சு பின்வாங்கும்போது செவுள் கண்ணியில மாட்டிக்கும். அப்போ வலை லினன் நூல்ல பண்ணது, பகல்ல மீன் கண்ணுக்கு தெரிஞ்சுடும், அதனால ராத்திரி தான் நல்ல பாடு. லினனுக்கு இன்னொரு தொல்லை, மீனோட கொழகொழப்பு ஒட்டி ஊறினா சீக்கிரம் அழுகிடும். அதுக்காக வாரக்கடைசியில மீன்பிடி மூடுற நேரத்துல பெரிய மரத்தொட்டியில மயில்துத்தம் கரைச்சு அதுல வலைய முக்கி எடுத்து, அலசி, பரண் மாதிரி கட்டின கம்புங்க மேல காயப் போட்டு, கிழிஞ்சத தச்சு, ஞாயித்துக்கிழமை திரும்ப ஏத்துவாங்க. 1950கள்ல நைலான் வந்தப்புறம் மயில்துத்தத் தொட்டிக்கு வேலை இல்லாம போச்சு. அந்த தொட்டிய பாத்த தலைமுறையும் இப்ப கிட்டத்தட்ட போயிடுச்சு.

டிரம், டிரம்னு பெருமையா சொல்றாங்களே, அது என்ன?

இதுக்கு நான் கொஞ்சம் நீளமா தான் பதில் சொல்லுவேன், இந்த ஊர் உலகத்துக்கு கொடுத்த பொருள் அது.

முன்னாடி வலைய கையால தான் இழுக்கணும். 350 மீட்டருக்கு மேல நீளம், ஈரம் ஏறின வலை, அதுல மீன் கனம், அலை வேற. ரெண்டு பேர் முதுகு ஒடிய இழுத்தாலும் ஒரு தடவை இழுத்து முடிக்க நேரம் ஆகும், காத்து அடிச்சா இன்னும் மோசம். 1931ல சொயின்டுலாவுல லாரி ஜார்விஸ்ங்கிறவர், குடும்பப் பேர் ஜார்வெலைனென், போட்டோட பின்பக்கத்துல ஒரு பெரிய உருளைய பொருத்தி அத இன்ஜினோட சேத்தார். தையல் மெஷின் பாபின்ல நூல் சுத்துற மாதிரி வலை அந்த உருளையில சுத்திக்கும். இறக்கணும்னா உருளைய விட்டுட்டு போட்ட முன்னாடி ஓட்டினா போதும், வலை தானா கழண்டு தண்ணிக்குள்ள போகும்.

நான் ஒரு பழைய போட்ல இத கிட்ட நின்னு பாத்தேன். கால்ல மிதிக்கிற பெடல் ஒண்ணு இருக்கும், மிதிச்சா உருளை சுத்தும், மீன் வந்ததும் காலை எடுத்தா நிக்கும், மீன எடுத்து போட்டுட்டு திரும்ப மிதிக்கணும். அந்த பெடல் இருந்த இடத்துக்கு பக்கத்துல பலகை ஒரு பாதம் அளவுக்கு பள்ளமா தேஞ்சு கிடந்துச்சு. எத்தனை வருஷம் ஒரே ஆள் ஒரே இடத்துல இடது கால ஊன்றி நின்னிருந்தா பலகை அப்படி தேயும். அந்த பலகைய மாத்தி புதுசு போட்டு பாலிஷ் பண்ணி வைக்கிறது தான் சில பேருக்கு ரெஸ்டோரேஷன். எனக்கு அந்த பள்ளம் தான் மியூசியம்.

டிரம் வந்ததும் ஒரே ஆள் தனியா போய் வலை போட்டு எடுத்துக்கலாம்னு ஆச்சு, ஒரு ராத்திரியில பல தடவை போட்டு எடுக்கலாம், இடம் சரியில்லன்னா உடனே சுருட்டிட்டு வேற இடம் போகலாம். பசிபிக் கரை முழுக்க இது பரவுச்சு.

கோஆப் கடை இன்னும் இருக்கா?

கோஆப்னா கூட்டுறவு, ஊர்க்காரங்க சேந்து காசு போட்டு நடத்துற கடை. இருக்கு, 1909ல ஆரம்பிச்சது, இன்னும் ஓடுது, பிரிட்டிஷ் கொலம்பியாவுலயே தொடர்ந்து நடக்கிற கோஆப்கள்ல ரொம்ப பழசு இது தான். கம்பெனி கலைஞ்சு நாலே வருஷத்துல அதே ஆளுங்க திரும்ப ஒண்ணா காசு போட்டு கடை தொறந்திருக்காங்க, அந்த மனசு என்னன்னு யோசிச்சுக்கிட்டே நான் அங்க பால் வாங்கினேன். பாரம்பரியத்துக்கு ஏதாவது செய்யணும்னு நினைக்கிறவங்க தீவுக்கு போகும்போது மளிகைய பெரிய ஊர்ல வாங்கி கார்ல நிரப்பிக்கிட்டு போகாதீங்க, அங்க வாங்குங்க.

பெண்கள் பத்தி எங்கயும் காணோமே?

சரியான கேள்வி. கலேவன் கன்சா காலத்துலயே பெண்களுக்கு ஓட்டு இருந்துச்சு, கூலியும் ஆம்பளைக்கு சமம், கனடா நாட்டுல பெண்களுக்கு ஓட்டு வர்றதுக்கு பல வருஷம் முன்னாடி இது. அப்புறம் மீன்பிடி காலத்துல ஆம்பளைங்க கோடை முழுக்க கடல்ல இருக்கும்போது மாடு, தோட்டம், புல்லு, பிள்ளைங்க, கடன் கணக்கு எல்லாம் வீட்டுல இருக்கிறவங்க தலையில தான். ஆனா ஆவணத்துல போட் பேர் இருக்கும், போட்காரர் பேர் இருக்கும், இவங்க பேர் இருக்காது. யாராவது பாட்டி உயிரோட இருந்தா வலை பத்தி தாத்தாகிட்ட கேக்குறதுக்கு முன்னாடி பாட்டிகிட்ட போய் ஜூலை மாசத்துல ஒரு நாள் எப்படி போச்சுன்னு கேளுங்க.

இப்ப இந்த பாரம்பரியத்துக்கு உண்மையான ஆபத்து எது?

கட்டடம் இடியறதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. லைசன்ஸ் போனது தான் பெரிய அடி.

1960கள் கடைசியில ஜாக் டேவிஸ்ங்கிற மத்திய மீன்வள அமைச்சர் காலத்துல சால்மன் லைசன்ஸ்க்கு வரம்பு வந்துச்சு, அதுல இருந்தே லைசன்ஸ்ங்கிறது விலை போற சொத்தா மாறிடுச்சு. 1996ல மிஃப்லின் திட்டம். அப்போ அமைச்சரா இருந்தவர் பேர்ல அப்படி கூப்பிடுறாங்க. மீன்பிடி படகுங்கள பாதியா குறைக்கிறது தான் நோக்கம், அரசாங்கம் 8 கோடி டாலர் ஒதுக்கி லைசன்ஸ திருப்பி வாங்குச்சு. அதோட கரைய பகுதி பகுதியா பிரிச்சு, ஒரு லைசன்ஸ்க்கு ஒரு பகுதின்னு ஆக்கினாங்க, வேற பகுதியிலயும் பிடிக்கணும்னா இன்னொருத்தரோட லைசன்ஸ வாங்கி சேக்கணும். வசதி இருந்தவங்க வாங்கினாங்க, இல்லாதவங்க வித்தாங்க. சொயின்டுலா, பக்கத்து தீவுல இருக்கிற அலர்ட் பே மாதிரி ஊருங்களுக்கு அது பலத்த அடி, ஏன்னா அங்க மீன விட்டா பெருசா வேற வேலை கிடையாது. அதே வருஷம் ரிவர்ஸ் இன்லெட் சாக்கை மீன்பிடியும் மூடிட்டாங்க, மீனே வரல. 2021ல திரும்பவும், சால்மன் குறைஞ்சுபோச்சுன்னு பசிபிக் கரையில வணிக சால்மன் மீன்பிடியில கிட்டத்தட்ட 60 சதவீதத்த மூடினாங்க.

மீன காப்பாத்தணும், அதுல எனக்கு மாத்து கருத்து இல்ல. ஆனா லைசன்ஸ் விக்கும்போது அதோட போட் போகுது, போட் போனா பையன் அப்பா கூட கடலுக்கு போறது நிக்குது, அவன் வேலை தேடி வேற ஊர் போறான், பத்து வருஷத்துல வலை ஊசி பிடிக்கத் தெரிஞ்ச ஆள் இல்லாம போகுது. எந்த மியூசியம் கட்டினாலும் இத நிரப்ப முடியாது, அதனால பாரம்பரியம் பேசுறவங்க லைசன்ஸ் பத்தியும் பேசணும், உள்ளூர்ல இருக்கிற இளம் மீனவங்க கைக்கு லைசன்ஸ் எப்படி போகும்னு கேக்கணும்.

மியூசியம் இருக்கா?

இருக்கு, ஊர்க்காரங்க வாலண்டியரா நடத்துறது. சின்னது தான். வீட்டு சாமான், மரவேலை கருவிங்க, மீன்பிடி சாமான், போட்டோ, காகிதம்னு ஊரே சேத்து கொடுத்தது. போனா அவசரப்படாதீங்க, உக்காந்திருக்கிறவங்ககிட்ட பேசுங்க, ஒவ்வொரு பொருளுக்கும் யார் வீட்டுல இருந்து வந்துச்சுன்னு ஒரு கதை இருக்கும். உண்டியல்ல ஏதாவது போட்டுட்டு வாங்க.

பழைய மர போட்ட எப்படி காப்பாத்துறது?

முதல்ல எல்லாரும் செய்ற தப்பு: கரையில ஏத்தி புல்வெளியில வச்சுடறது. மர போட்டுக்கு உப்புத்தண்ணிய விட மழைத்தண்ணி தான் எமன். மேல இருந்து சொட்டுற நல்ல தண்ணி தேங்கி தான் மரம் உளுத்துப்போகும். அதோட கரையில வெயில் பட்டு பலகை காஞ்சு சுருங்கி இடுக்கு விட்டுடும், அப்புறம் தண்ணியில இறக்கினா ஒழுகும். கடல்லயே விட்டாலும் கப்பல் புழு துளைக்கும், அதுக்கு வருஷா வருஷம் மேல ஏத்தி சுரண்டி பெயிண்ட் அடிக்கணும். அதனால ஓடுற போட் தான் நிலைக்கிற போட், ஓட்டுறதுக்கு ஆள் இருந்தா தான் போட் இருக்கும்.

எல்லா போட்டையும் காப்பாத்த முடியாது, அத ஒத்துக்கணும். முடியாதத அளந்து வச்சுக்கலாம்: நீளம், அகலம், ஒவ்வொரு சட்டமும் எவ்வளவு இடைவெளி, எந்த மரம், டிரம் எங்க, பெடல் எங்க, எல்லா பக்கத்துல இருந்தும் அளவுகோல் வச்சு போட்டோ. கட்டினவரோட உறவுக்காரங்க இருந்தா அவங்கள கூட்டிட்டு வந்து பக்கத்துல நிக்க வச்சு பேச விடுங்க. கொட்டகைன்னா, வெறும் கூரையும் காத்தோட்டமும் போதும், தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடினா உள்ள ஈரம் நின்னு சீக்கிரம் கெடும்.

கரையோரமா கம்பு மேல நிக்கிற வலை கொட்டகை, போட் கொட்டகைங்களும் அப்படித்தான். சொயின்டுலாவுல ரஃப் பேங்கிற விரிகுடா பக்கம் நடந்தா வரிசையா தெரியும். பாக்க அழகா இருக்குன்னு வீடா மாத்தினா வெளிய அழகு நிக்கும், உள்ள வேலை போயிடும்.

வீட்டுல பழைய போட்டோ, கடிதம் இருக்கு, என்ன செய்யலாம்?

லேமினேட் பண்ணாதீங்க, தயவுசெஞ்சு. ஒட்டுற ஆல்பத்துலயும் போடாதீங்க. அமிலம் இல்லாத பெட்டி வாங்கி, ஈரமும் வெயிலும் படாத அலமாரியில வைங்க, ஸ்கேன் பண்ணும்போது 600 டிபிஐ, முன்பக்கம் மாதிரி பின்பக்கத்தையும் எடுங்க, ஏன்னா பின்னாடி தான் பேர் எழுதி இருக்கும். பேர் இல்லன்னா மெல்லிசா பென்சில்ல எழுதுங்க, பேனா வேண்டாம். ஸ்கேன் பண்ணிட்டோம்னு அசல தூக்கி போட்டுடாதீங்க.

ஒரு போட்டோல ஆறு பேர் நிக்கிறாங்க, பின்னாடி ஒரு போட். நாலு பேர் யாருன்னு தெரிஞ்ச ஆள் ஊர்ல ஒருத்தர் தான் இருக்கார், அவருக்கு வயசு 90ன்னு வச்சுக்கோங்க. ஸ்கேனர் வாங்க கிராண்ட் கிடைக்கிற வரைக்கும் காத்திருக்காதீங்க, அந்த போட்டோவ எடுத்துக்கிட்டு இன்னைக்கே அவர் வீட்டுக்கு போங்க.

பெரியவங்க பேசுறத எப்படி ரெக்கார்ட் பண்றது?

நான் முதல் தடவை ஒரு பெரியவர் கொட்டகை வாசல்ல உக்காந்து வலை தச்சுக்கிட்டே பேசினத போன்ல பதிவு பண்ணினேன். வீட்டுக்கு வந்து கேட்டா முழுக்க காத்து சத்தம், நடுநடுவுல அவர் குரல். அடுத்த வருஷம் போனப்போ அவர் இல்ல. அதுல இருந்து மைக் இல்லாம நான் எங்கயும் போறதில்ல. சட்டையில குத்துற சின்ன மைக் போதும், ஜன்னல் சாத்தின சமையலறை தான் நல்ல ஸ்டூடியோ, ஃப்ரிட்ஜ கொஞ்ச நேரம் ஆஃப் பண்ணிடுங்க.

கேள்வி கேக்குற விதம் முக்கியம். உங்க வாழ்க்கைய சொல்லுங்கன்னா எல்லாரும் ரெண்டு வரியில முடிச்சுடுவாங்க. மேசை மேல கடல் வரைபடத்த விரிச்சு வச்சு, இந்த முனையில வலை போட்டா நீரோட்டம் எந்த பக்கம் இழுக்கும்னு கேட்டு பாருங்க, விரல வரைபடத்துல வச்சதும் ரெண்டு மணி நேரம் நிக்காது, ஒவ்வொரு பாறைக்கும் அவங்க வச்ச பேர் வரும், அந்த பேர் எந்த மேப்லயும் இருக்காது. கையில ஊசியும் கிழிஞ்ச வலையும் கொடுத்து தைக்க சொல்லி கைய மட்டும் கிட்ட வச்சு வீடியோ எடுங்க. கண்ணி அளவு எப்படி சரியா வருதுன்னு வாயால சொல்ல அவங்களுக்கே வராது, விரல் சொல்லும்.

எங்க வைக்கப் போறீங்க, யார் கேக்கலாம்னு முதல்லயே சொல்லி எழுத்துல சம்மதம் வாங்கிக்கோங்க. நல்ல மீன் கிடைக்கிற இடம் குடும்ப ரகசியம், அத வெளிய போடாதீங்கன்னா போடாதீங்க.

ஃபின்னிஷ் மொழி இன்னும் பேசுறாங்களா?

வயசானவங்க கொஞ்ச பேர். முதல் ரெண்டு தலைமுறைக்கு அது வீட்டு மொழி, கூட்ட மொழி, நாடக மொழி. 1918ல கனடா அரசாங்கம் ஃபின்னிஷ் மொழியில அச்சடிக்கிறதையே தடை பண்ணுச்சு, எதிரி நாட்டு மொழிங்க பட்டியல்ல சேத்து. ஃபின்னிஷ் சோஷலிஸ்ட் அமைப்பையும் தடை பண்ணாங்க. அதெல்லாம் தாண்டி ஊர்ல ஃபின்னிஷ் அமைப்போட ஹால் இருக்கு, எஃப் ஓ ஹால்னு சொல்லுவாங்க, நாடகம், டான்ஸ், சங்கக் கூட்டம் எல்லாம் அங்க நடந்துச்சு. 1936ல ரிவர்ஸ் இன்லெட்ல மீனவங்க பெரிய வேலைநிறுத்தம் பண்ணாங்க, அதுல இந்த ஊர் ஆளுங்களும் இறங்கினாங்க.

இப்ப இருக்கிற பிரச்சனை பழைய கடிதங்களயும் மினிட்ஸ் புக்கயும் படிக்க ஆள் இல்ல. பின்லாந்துல இருந்து வர்றவங்களுக்கு கூட தடுமாறும், நூறு வருஷம் முந்தின கையெழுத்து, வட்டார வழக்கு, நடுவுல ஆங்கில வார்த்தைய ஃபின்னிஷ் விகுதி போட்டு எழுதியிருப்பாங்க, நாம பஸ்ஸுக்கு, ஆபீஸ்லன்னு எழுதுற மாதிரி. அந்த கலப்ப திருத்தி சுத்தமான ஃபின்னிஷா மாத்தி போடாதீங்கன்னு தான் என் வேண்டுகோள், அந்த கலப்பு தான் அவங்க பேசின பேச்சு.

சானா, சாப்பாடு எல்லாம்?

சானா, அதாவது சூடான நீராவிக் குளியல் அறை, உண்டு, வீட்டுக்கு பின்னாடி தனி குடிசையா. வாரக்கடைசியில குளிச்சுட்டு காபி. காபி கூட புல்லான்னு பின்னல் மாதிரி முறுக்கின இனிப்பு ரொட்டி, உள்ள ஏலக்காய் இடிச்சு போடுவாங்க, அந்த வாசனை அடிச்சதும் எனக்கு எங்க வீட்டு பாயச நாள் ஞாபகம் வந்துடுச்சு.

அந்த தீவு முன்னாடி யாரோடது?

குவாக்வகேவக்ங்கிற பூர்வகுடி மக்களோட கடல், அவங்களோட நிலம். அரசாங்கம் அத காலி தீவுன்னு எழுதிக் கொடுத்துச்சு. பின்லாந்துக்காரங்க கதைய சொல்லும்போது காட்டுல யாருமே இல்லாத இடத்துல வந்து இறங்கினாங்கன்னு ஆரம்பிச்சா அது பொய். பக்கத்துல அலர்ட் பேல அவங்கள்ல ஒரு பிரிவான நம்கீஸ் மக்கள் இருக்காங்க, ரெண்டு ஊர் ஆளுங்களும் நூறு வருஷமா அதே கடல்ல வலை போட்டவங்க, அதே கேனரிக்கு மீன் கொடுத்தவங்க. மீன்பிடி வரலாற எழுதினா ரெண்டு ஊரையும் சேத்து எழுதணும்.

ஃபின் ஸ்லூன்னு ஒண்ணு சொல்றாங்களே, அதுவும் இதுவும் ஒண்ணா?

வேற. அது வான்கூவர் பக்கத்துல ரிச்மண்ட்ல, லூலூ தீவோட தெற்கு ஓரத்துல, ஃப்ரேசர் ஆத்து கிளை வாய்க்கால் கரையில இருக்கு. 1890கள் வாக்குல இருந்தே பின்லாந்து மீனவ குடும்பங்க அந்த பக்கம் குடியேறினாங்க. கம்பு மேல நிக்கிற மர வீடு, மிதவை வீடு, ஒரு சின்ன மரப் பாலம், ஓதம் ஏறினா தண்ணி வீட்டுக்கு அடியில வந்துடும், கரை அணைக்கு வெளிப்பக்கம் இருக்கிற ஊர் அது. 1993ல நிலம் ஒரு டெவலப்பர் கைக்கு போய் காலி பண்ண சொன்னப்போ ஊர்க்காரங்க சேந்து ஃபின் ஸ்லூ பாரம்பரிய, ஈரநில சங்கம்னு ஒண்ணு ஆரம்பிச்சு எதிர்த்து நின்னாங்க, ஊர் இன்னும் நிக்குது. சங்கத்து பேர்லயே ஈரநிலத்த சேத்தது எனக்கு பிடிச்ச விஷயம், சேறும் நாணலும் இல்லாம அந்த வீடுங்களுக்கு அர்த்தம் இல்ல. அங்க இன்னும் ஆளுங்க குடியிருக்காங்க, போட்டோ எடுக்க போறவங்க திண்ணையில ஏறி ஜன்னல் வழியா எட்டி பாக்காதீங்க.

சொயின்டுலாவுக்கு போனா எத்தனை நாள் வேணும்? என்ன பாக்கலாம்?

ரெண்டு ராத்திரி தங்குங்க. மியூசியம், கோஆப், ரஃப் பே கொட்டகைங்க, கல்லறைத் தோட்டம். வடக்கு பக்கம் பேர் பாயிண்ட்ல ஓர்கா திமிங்கலங்க கோடையில கரைக்கு ரொம்ப கிட்ட வந்து கூழாங்கல்லுல உடம்ப உரசும், இருந்தா பாக்கலாம், அமைதியா தள்ளி நின்னு பாருங்க. திரும்பும்போது கடைசி ஃபெர்ரி நேரத்த முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க, விட்டுட்டா காலையில தான். வீட்டுல பழைய வலை ஊசி, மிதவை, பேர் எழுதின போட்டோ ஏதாவது இந்த ஊர்ல இருந்து வந்தது உங்ககிட்ட எப்படியோ இருந்துச்சுன்னா அதையும் கூட எடுத்துக்கிட்டு போங்க, மியூசியத்துல இருக்கிறவங்களுக்கு அது யாரோடதுன்னு தெரிய வாய்ப்பு இருக்கு.